விறாந்தையில் இருந்த முகாமையாளர்

பொய் சொல்ல ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். எனக்கு அது தாராளமாக இருந்தது. இல்லாமல் போனது வாய்க்கட்டுப்பாடு.

கனகராயன்குளத்தில் வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு கண்டிப்பு: வெளிநாட்டில் இருந்து வேலை செய்யக் கூடாது. அந்த நேரம் பார்த்து அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் மெல்பேண் போகவேண்டி வந்தது. அவ்வளவு நாள் லீவு கேட்டால் வேலை போய்விடும். போகாவிட்டால் அக்கா என்னோடு கதைக்கமாட்டா. கொம்பனியில் ஒருவருக்கும் சொல்லாமல் மடிக்கணினியோடு விமானம் ஏறினேன்.

காலைக் கூட்டங்களில் கமெராவைத் திறப்பதில்லை. "சிக்னல் சரியில்லை சேர்" என்பேன். (வன்னியைப் பற்றி அப்படிச் சொன்னால் கொழும்பில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.) நான் மெல்பேணில் நிற்பது அப்பாவுக்குத் தெரியும்; கொம்பனிக்கு ஒளிக்கிற கள்ளம் தெரியாது. அவரிடம் சொன்ன இரகசியம் பின்னேரத்துக்குள் புளியங்குளம் சந்திக்குப் போய்விடும்.

ஆறு கிழமை சுகமாகப் போனது. ஒருநாள் முகாமையாளர், யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"அப்ப கட்டாயம் எங்கட வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும் சேர். நீங்கள் போற றோட்டுக்கரைதான்."

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. வரவேண்டும் என்றா கூப்பிடுகிறோம்? அதை நான் பெரிதாக எடுக்கவும் இல்லை.

அடுத்த புதன்கிழமை. அங்கே காலை பத்து மணி, மெல்பேணில் பிற்பகல் மூன்றரை. அக்காவின் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கூட்டத்தில் சேர்ந்தேன்.

"எங்க இருக்கிறீங்கள்?" என்று கேட்டார் சேர்.

"வீட்டைதான் சேர். விறாந்தையில."

அவர் தன் கமெராவைத் திறந்தார். எங்கள் வீட்டு விறாந்தை. எங்கள் கதிரை. கையில் விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் இருந்து இறக்கும் கோப்பை.

"நானும் இஞ்சதான் இருக்கிறன். உங்களைத்தான் காணேல்லை."

பக்கத்தில் இருந்து அப்பா முகத்தை நீட்டினார். "பிள்ளை, சேர் வந்திருக்கிறார்! நீ மெல்பேணில நிக்கிறாய் எண்டு நான்தான் சொன்னனான். எங்க, பேரனைக் காட்டு!"

பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமெராவைத் திறந்து பேரனைக் காட்டினேன். வெட்கத்தைவிடப் பயம்தான் கூட. மாதச் சம்பளம் என்று வீட்டுக்கு வந்தது என்னுடையது ஒன்றுதான்.

சேர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மிச்ச நாட்களைச் சம்பளமில்லாத லீவாக்கிவிட்டார். (அப்பாவின் ஊர்க்கோழிக் கறியைச் சாப்பிட்ட பிறகு எப்படி நிறுத்துவது?) ஆனால் அன்றிலிருந்து கூட்டத்தில் எல்லோரும் கமெரா திறக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. காலையில் சீப்பெடுத்துத் தலை இழுக்கவேண்டி வந்தவர்கள் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார்கள்.

நான் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடமாகிறது. இன்றும் யாராவது போன் எடுத்து என்னைக் கேட்டால் அப்பா சொல்லுவார்:

"ஓம், பிள்ளை விறாந்தையிலதான் நிக்கிறா. எந்த நாட்டு விறாந்தை எண்டு கேட்டுச் சொல்லுறன், இருங்கோ."