எரிமலைத் தீவுகள் வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் என் மகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் அவள் இந்நேரம் போன் போட்டு எங்களை ஒரு வழி பண்ணியிருப்பாள். போனிலேயே பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் போன் அடித்தால் உங்கள் அத்தைதான் எடுப்பாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவாள், போட்டதும் அவளே பேசுவாள். இது அவள் காதுக்குப் போகாமல் முடிக்க வேண்டிய விஷயம்.

நம் பகடை விளையாட்டுக்குப் புதிதாக ‘எரிமலைத் தீவுகள்’ என்று ஒரு துணைப் புத்தகம் வந்திருக்கிறது, கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார், வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாதிரிக்குச் சில பக்கங்களையும் அனுப்பியிருந்தீர்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள். ஆனால் அந்தப் பக்கங்கள் வந்த நாளிலிருந்து வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

கல்யாணமான புதிதில் நீங்கள் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது, பெரியவர்கள் ஆடுகிற ஆட்டமா இது என்று முதலில் கிண்டல் செய்தவன் நான்தான். ஒருவர் கதை நடத்துவாராம், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்வார்களாம், பலிக்குமா பலிக்காதா என்று பகடை தீர்ப்புச் சொல்லுமாம். இப்போது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் அத்தை மந்திரவாதினி. வேலையில் இருந்த காலமெல்லாம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தவள் அல்லவா, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு மின்னல் வரப்போகிறது என்று இரண்டு தடவை கணீரென்று அறிவித்துவிட்டுத்தான் மந்திரமே போடுவாள். அதற்குள் எதிரிகளில் பாதிப் பேர் ஒதுங்கி நின்றுகொள்வார்கள். மாடிவீட்டுப் பல் டாக்டர் வாள்வீரர். எந்த அரக்கன் வந்தாலும் முதலில் வாயைத் திறக்கச் சொல்வார். என் தம்பி திருடன். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவன் என்பதால் அவனுக்கு ‘ஆகட்டும்’ என்றே பெயராகிவிட்டது. பூட்டை உடைப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்பான். கதை நடத்துவது நான்.

நான் நடத்துகிற லட்சணத்தில்தான் குறை என்கிறார்கள். தீயணைப்புத் துறையில் கட்டடங்களைச் சோதித்தே தலை நரைத்தவன் நான். கண் போகிற இடமெல்லாம் தீ ஆபத்துதான் தெரியும், என்ன செய்ய? டிராகன் குகைக்குள் மூன்று பேரையும் அழைத்துப்போனேன். உள்ளே போவதற்கு ஒரு வழி, ஆபத்து என்றால் வெளியே வர அகலமாக இரண்டு வழிகள், சுவரில் அம்புக்குறி எல்லாம் வைத்திருந்தேன். டிராகன் நெருப்பைக் கக்கியது. மூன்று பேரும் வரிசையாக, ஒருவரை ஒருவர் தள்ளாமல் வெளியே வந்து மரத்தடியில் கூடி நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! பல் டாக்டர் மட்டும், “சார், இதுல பயப்படறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டார். அடுத்த வாரம் உங்கள் அத்தை, அரண்மனைத் தானியக் கிடங்கில் ஒளிந்திருந்த அரக்கன்மேல் தீப்பந்து வீசப்போவதாக அறிவித்தாள். மூடிய கிடங்கு, காற்றில் தானியத் தூசி, அங்கே போய் யாராவது தீப்பந்து வீசுவார்களா? அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். அவ்வளவுதான். பகடையை மேஜைமேல் வைத்தாள் பாருங்கள், டீ டம்ளரெல்லாம் நடுங்கியது.

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் எரிமலைப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. அத்தை அவற்றைப் படித்துவிட்டு, “புதுப் புத்தகம் வாங்கலாம். இனிமே கதைய நான் நடத்தறேன். நீங்க ஒரு வேஷம் கட்டிக்கிட்டு ஆடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, ஞாயித்துக்கிழமை நான் தூங்கப் போறேன்” என்றாள். ஓட்டெடுப்பு வைத்தோம். அத்தை வாங்கலாம் கட்சி. புது விதிகளில் தன் வாளின் வலிமையைக் குறைத்திருக்கிறார்கள் என்று பல் டாக்டர் வேண்டாம் கட்சி. தம்பி வாங்கலாம் என்றபோதும் கை தூக்கினான், வேண்டாம் என்றபோதும் கை தூக்கினான். ஆக, முடிவு என் தலையில் வந்து விழுந்தது.

உங்களிடம் மறைப்பதற்கென்ன, மாப்பிள்ளை. ரிட்டயரான பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம்போல ஓடிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில்தான் அவள் வாய்விட்டுச் சிரிப்பதை மறுபடி கேட்டேன். அது நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளூர உதறல். சரி, வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு முன் அந்த மாதிரிப் பக்கங்களை வைத்து ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்றேன். அதுதான் வினை.

அத்தை நடத்தினாள். எனக்கு மாவீரன் வேஷம். தீவில் இறங்கியதும் ஒரு சத்திரம். மரக்கட்டடம், ஓலைக் கூரை, ஒரே வாசல், மாடிக்குக் குறுகலான படிக்கட்டு, அடுப்படியில் எண்ணெய்ப் பீப்பாய்! மாவீரன் என்ன செய்வான்? நான் சத்திரக்காரனைக் கூப்பிட்டு மணல் வாளி எங்கே என்று கேட்டேன். அவனிடம் இல்லை. பீப்பாயை வெளியே உருட்டச் சொன்னேன். பிறகு படிக்கட்டின் அகலத்தை வாளால் அளந்துகொண்டிருந்தபோது எரிமலைக் கொள்ளையர் வந்துவிட்டார்கள். பல் டாக்டர் தனி ஆளாகச் சண்டை போட்டார். “மாவீரரே, கீழ வாங்க!” என்று அவர் கத்த, “ஒரு நிமிஷம், கைப்பிடி ஆடுது” என்று நான் சொல்ல, அதற்குள் அவர் கதை முடிந்தது. “நான் செத்துக் கிடக்கறேன் சார், நீங்க படிக்கட்ட அளந்துகிட்டு இருக்கீங்க!” என்று செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனவர்தான். எனக்குக் கடைவாயில் வலி. அவரிடம் போக முகமில்லை.

அத்தை சிரிக்கவில்லை. “உங்களுக்கு விளையாடவே வராதுங்க” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகவே என் முடிவு இதுதான். அந்தப் புத்தகம் வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் நெருப்பு, ஒரு பக்கத்திலாவது தண்ணீர்த் தொட்டி கிடையாது. எங்களுக்குப் பழைய குகையே போதும். கடைக்காரரிடம் நயமாகச் சொல்லிவிடுங்கள். அத்தை கேட்டால் பிரதிகள் தீர்ந்துவிட்டன என்று சொல்லுங்கள். மாமாவுக்காக ஒரு பொய், பாவமில்லை. நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, பகடை எப்படி விழுந்தாலும் ஒருவர் பக்கம் ஒருவர் நின்று, நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறை தேடப் போனவன் கடிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் அத்தை கையில் இருக்கிறது. வசமாக மாட்டிக்கொண்டேன் என்று நின்றேன். அவள் முழுவதையும் படித்தாள். நடுவில் அந்த இரண்டு கடிகாரம் வருகிற இடத்தை இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு பல் டாக்டரையும் தம்பியையும் வரவழைத்தாள். செத்தவரை ஒரே மந்திரத்தில் எழுப்பி உட்கார வைத்தாள். “பள்ளத்தாக்கு மேல ஒரு மரப்பாலம். நீங்க மூணு பேரும் தாண்டிட்டீங்க. பின்னாடி கொள்ளைக்காரங்க பாலத்துல ஓடி வர்றாங்க. என்னங்க பண்றீங்க?” என்று என்னைத்தான் கேட்டாள். நான் பாலத்தைப் பார்த்தேன். காய்ந்த பலகை, பழைய கயிறு, அடிக்கிற காற்றும் அவர்களை நோக்கித்தான். அது எங்கே பிடிக்கும், எப்படிப் பரவும், எந்த முடிச்சு முதலில் அறும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? “கொளுத்தறேன்” என்றேன். பகடையை உருட்டினேன். விழுந்தது பாருங்கள், அதைவிடப் பெரிய எண் அதில் கிடையாது! பாலம் மட்டுமல்ல மாப்பிள்ளை, கொள்ளையர் கோட்டையும் போயிற்று, ஒரு தோப்பும் போயிற்று. பல் டாக்டர் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். அத்தை சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது, நான்தான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். கடைக்காரர் எடுத்துவைத்ததை வேறு யாருக்காவது விற்றுத் தொலைப்பதற்குள் நீங்களே நேரில் போய் வாங்கி உடனே அனுப்புங்கள். மாதிரிப் பக்கங்கள் தீர்ந்துபோய் நடுக்கடலில் ஒரு கப்பலில் நிற்கிறோம், அதுவும் மரத்தால் செய்ததுதான்.