பக்கத்து வீட்டுக் கொசு

கொசுக்களில் எத்தனை வகை என்று சுகாதாரத் துறையைக் கேளுங்கள். கொசு விரட்டுகிறவர்களில் எத்தனை வகை என்று என்னைக் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னொரு வகை, சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே தீருவேன் என்கிறவர். அவரை உங்களுக்குத் தெரியும். அவரைக் கடிக்கும் கொசு ஒருநாளும் அவர் வீட்டில் பிறந்ததாக இருக்காது.

மன்னார்குடியில் இவருக்குப் பெயர் ஆசீர்வாதம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் குடுவை கழுவி ஓய்வு பெற்றவர், ஆகவே விஞ்ஞானி. ஊரைச் சுற்றி வயல், வயல் நிறையத் தண்ணீர், மேலே ஐப்பசி மழை. இத்தனைக்கும் நடுவில் தன் போர்டிகோவை மட்டும் கொசு இல்லாத பிரதேசமாக அறிவித்து, வேப்பிலைப் புகை போட்டு, விசிறி மாட்டி, கையில் மட்டையோடு உட்கார்ந்து, அதுவும் போதாமல், வாசனைக்குக் கொசு அண்டாது என்று வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதை நம்பிப் பன்னிரண்டு தொட்டிகளில் எலுமிச்சைப்புல் வாங்கி வாசலோரம் வரிசையாக வைத்தார்.

கொசு வந்தது.

வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார். இவர் மதிலை எட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டுச் செந்தாமரை அரிசி ஆலையில் வேலை பார்க்கும் பெண்; கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில் தொட்டி இல்லாமல் எப்படி? அதெல்லாம் விஞ்ஞானிக்கு எதற்கு? நகராட்சிக்கு மனு எழுதினார். பூசை முடிந்து கோயிலிலிருந்து வருகிறவர்களை நிறுத்தி விளக்கினார். அவமானம் தாங்காமல் செந்தாமரை தொட்டியைக் காயப்போட்டுவிட்டு, வேலைக்குப் போகுமுன் தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்.

தொட்டி காய்ந்த இரண்டாவது வாரம் ஆசீர்வாதத்தின் மனைவி அக்னஸுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன மூன்று நாளும் அவர் சரியாகச் சாப்பிடாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கேலி செய்ய எனக்கும் மனம் வரவில்லை. நான்காம் நாள் தட்டணுக்கள் ஏறின. கூடவே அவருக்குக் கோபமும் ஏறியது. செந்தாமரையைச் சும்மா விடுவதில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் அறிவித்தார்.

அக்னஸ் வீடு திரும்பிய காலை, நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் சுடர்விழி டார்ச்சோடு வந்தார். ஆசீர்வாதம் மதிலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். நோய் வந்த வீட்டைத்தான் முதலில் பார்ப்போம் என்று சுடர்விழி இந்தப் பக்கமே குனிந்தார். புல்தொட்டிகளுக்கு அடியில், தரை கறையாகக் கூடாதென்று இவரே வாங்கி வைத்த தட்டுகள். தெளிந்த மழைநீர். அதில் நெளிகிற புழுக்கள்.

"டெங்குக் கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணிதான் சார் வேணும். பன்னெண்டு தட்டுலயும் இருக்கு."

ஆசீர்வாதத்தின் முகம் வெளுத்தது. மனைவியைப் பார்க்கத் திரும்பியவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் அவர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

"முட்டை போட்டது அந்த வீட்டுக் கொசுவா இருக்கும்மா" என்றார்.

சுடர்விழி தட்டுகளைக் கவிழ்த்தார். அக்னஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெல்ல நடந்து, செந்தாமரையின் வாசலில் போய் நின்றார்.

"எங்க வீட்டுலதான் இருந்துச்சும்மா. நீ தொட்டில தண்ணி புடிச்சுக்க. மேல ஒரு துணியைக் கட்டிவச்சா போதும்."

செந்தாமரை உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து அவரை உட்காரவைத்தார்.

ஆசீர்வாதம் மன்னிப்புக் கேட்டாரா? கேட்கிற வகையா அவர்? மறுநாள் தன் வீட்டு மோட்டாரிலிருந்து மதில்மேல் குழாய் போட்டு அந்தத் தொட்டியை நிரப்பினார். காய்ந்தால் சிமெண்டு விரிசல் விட்டுவிடும் என்று, யாரும் கேட்காமலே காரணமும் சொன்னார். இப்போது வருகிற கொசுக்கள் எதிர்வீட்டுத் தேங்காய்ச் சிரட்டைகளில் பிறந்தவை என்பது அவருடைய புதிய ஆராய்ச்சி.

சிரித்தீர்களா? நல்லது. படித்துக்கொண்டு வரும்போது அச்சு அசல் இவர் மாதிரியே ஒருவர் உங்கள் நினைவுக்கு வந்திருப்பாரே, யார் அவர்? பக்கத்து வீட்டுக்காரர்தானே?

எதற்கும் உங்கள் ஃபிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் தண்ணீர் தேங்குகிற தட்டை எட்டிப் பாருங்கள்.