புத்தம் புதிய பழைய பலகை

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் இரண்டு கைகள் மட்டும் மூன்று நாட்களாக வீட்டுக் காவலில் இருக்கின்றன, காரணம் கீழே வருகிறது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அவளும் பக்கத்திலேயே இருப்பாள். அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கு எழுதிப் பார்சலின் மேல் ஒட்டி அனுப்புகிறேன். அவள் பார்சலைப் பிரிப்பதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

விஷயம், ஞாயிற்றுக்கிழமை அவள் திறக்கப்போகும் தையல் கடையின் பலகைதான். எங்கேயோ ஒரு கடையில் பெயின்ட் உரிந்து ஓரம் தேய்ந்த பலகையைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாள். உரியாத பலகையைவிட உரிந்த பலகைக்கு விலை அதிகமாம். அந்த வியாபாரியின் தைரியத்தை மனதுக்குள் மெச்சினேன். கையில் இருந்ததெல்லாம் மெஷின் வாங்கவே சரியாகிவிட்டது என்று அவள் சொன்னதும், வீட்டில் கிடக்கும் சாமானை வைத்து நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். "அப்பா, ரொம்ப நாளா அங்கேயே தொங்கிட்டு இருந்த மாதிரி இருக்கணும். பளபளன்னு இருந்தா, கிழிஞ்ச துணியை எடுத்துட்டு வர்றவங்க கூச்சப்படுவாங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அவள் கடை வாசலில் என் கைவேலை தொங்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஆனால் நான் யார் என்பதை மறந்துவிட்டேன் மாப்பிள்ளை. பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பெயின்ட் சரிபார்த்தவன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் அந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பியவன். பெயின்டர்கள் எனக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே சொன்ன பெயர் அது ஒன்றுதான், மற்றவற்றை இங்கே எழுத முடியாது.

சமையலறை அலமாரியின் கழற்றிப்போட்ட கதவு பரண்மேல் கிடந்தது, அதை எடுத்து அளவாக அறுத்துக்கொண்டேன். மிச்சம் இருந்த பிரவுன் பெயின்டை முதலில் அடித்தேன். அது காய்ந்தபிறகு ஓரங்களிலும் அங்கங்கே நடுவிலும் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும், அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும், வெள்ளையும் காய்ந்தபிறகு உப்புத்தாளால் தேய்த்தால் மெழுகு இருந்த இடமெல்லாம் உரிந்து கீழே இருக்கும் பிரவுன் தெரியும், அதுதான் முறை என்று மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். நானும் மெழுகைத் தேய்த்தேன். தேய்த்துவிட்டுப் பார்த்தால் பெயின்ட் அடிக்கப்போகிற இடத்தில் பிசுக்கு. பட்டறையில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். என்னையறியாமலே துணியை எடுத்துத் துளி மெழுகு விடாமல் துடைத்துவிட்டு வெள்ளை அடித்தேன். 'கிழிசல் தைத்துத் தரப்படும்' என்று நீலத்தில் எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. மறுநாள் உப்புத்தாளை எடுத்தால், அரை மணி நேரம் தேய்த்தும் அந்த வெள்ளை அசையவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உங்கள் அத்தை பார்த்தாள். சாவிக்கொத்தையும் சுத்தியலையும் கொண்டுவந்து, பழசாகத் தெரியட்டும் என்று பலகையை அடி அடி என்று அடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த கோபம்போல் தெரிந்தது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவன், அந்தக் குழிகளைப் பார்த்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அவள் எழுந்து வந்தபோது எல்லாக் குழியிலும் பட்டி வைத்து, தேய்த்து, மேலே வெள்ளையும் அடித்து முடித்திருந்தேனாம். "முப்பத்தொரு வருஷம் பஸ்ஸுக்குப் பண்ணது போதும், இது நம்ம பொண்ணு கடை. கையை எடுங்க" என்றாள். அன்று முதல்தான் வீட்டுக் காவல். அவள் தேய்க்கும்போது நான் நாற்காலியில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

நேற்று அவள் தேய்த்த தேய்ப்பில் வலது மூலையில் வெள்ளை போயிற்று, பிரவுன் போயிற்று, அதற்குக் கீழே இருந்த பழைய பச்சையும் போயிற்று, அதற்கும் கீழே இருந்த பட்டி பெயர்ந்து விழுந்தது. அங்கே ஒரு வீடு இருந்தது மாப்பிள்ளை. காம்பஸ் முள்ளால் கீறிய வீடு, கோணலான கதவு, கூரைமேல் ஒரு பூனை. ஏழு வயதில் என் மகள் அந்தக் கதவில் கீறியது. கீறிய அன்றே நான் சத்தம் போட்டு, பட்டி வைத்து மூடி, பெயின்ட் அடித்துவிட்டேன். எனக்கு மறந்தே போயிருந்தது. உங்கள் அத்தைக்கு மறக்கவில்லை. "அன்னைக்கு அவ எவ்வளவு நேரம் அழுதா தெரியுமா? நீங்க பட்டி காய்ஞ்சுதான்னு பார்த்துட்டு இருந்தீங்க" என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதன்பிறகு நான் திருந்திவிட்டேன். இப்போது பலகை மகள் கேட்டது மாதிரியே இருக்கிறது. ஓரம் தேய்ந்து, எழுத்து மங்கி, பத்துப் பதினைந்து மழை பார்த்ததுபோல் இருக்கிறது. கீறலுக்கும் ஓர் அழகு உண்டு என்று இந்த வயதில் புரிந்துகொண்டேன், இனி யார் வீட்டுச் சுவரிலும் டார்ச்சைச் சாய்த்துப் பார்க்க மாட்டேன். அந்த மூலை வீட்டைப்பற்றி அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவளாகப் பார்க்கட்டும். பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் நாங்கள் வரும்போது எனக்குச் சொல்லுங்கள்.

கடையும் வீடும் நிறைந்து இருக்க, உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: பார்சல் கட்டச் சணல் எடுக்கப்போன உங்கள் அத்தைக்கு அவள் அக்காவிடமிருந்து போன் வந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று பலகைமேல் சுற்றியிருந்த போர்வையை விலக்கினேன். 'கி' எழுத்தின் காலடியில் ஒரு கீறல். அது நாங்கள் போட்டது அல்ல, அதை மட்டும் பெயின்ட் பிரஷால் தொட்டேன். தொட்டதும் அந்த இடம் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது, அதனால் பக்கத்தையும் தொட்டேன். சுருக்கமாகச் சொன்னால் பலகை இப்போது புத்தம் புதிதாக இருக்கிறது. மூலையில் இருக்கும் வீட்டை மட்டும் தொடவில்லை. பிரஷ் அதுவரைக்கும் போயிற்று, அதற்குமேல் கை போகவில்லை. இது காய்ந்ததும் உங்கள் அத்தை மறுபடி தேய்ப்பாள், பார்சல் தாமதமாகச் சனிக்கிழமை வந்துசேர்வது அதனால்தான். பெயின்ட் டப்பாவை ஒளித்துவைத்திருக்கிறாள், எங்கே என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருவதற்குள் பலகையை என் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிடுங்கள். பக்கத்தில் நாற்காலி எதுவும் போட வேண்டாம்.