இடப்பக்கம் போன கியர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்த எஞ்சினுக்கும் உலகத்தில் ஒரே எதிரிதான் உண்டு: அதைப் பற்றிப் பாதி தெரிந்தவன். முழுதும் தெரிந்தவன் அதைத் தொடமாட்டான். ஒன்றும் தெரியாதவன் தொடப் பயப்படுவான். பாதி தெரிந்தவன்தான் ஸ்பானரோடு வருவான். இருபத்திரண்டு வயதில் நான் அந்தப் பாதியிலும் பாதி. (மிச்சத்தை வாயால் நிரப்பிவிடுவேன்.)

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், திருகோணமலையில் ஒரு போட் வைத்திருந்தார். சும்மா போட் இல்லை. நிலாவெளிப் பக்கம் சண்டையால் மூடிப்போன ஒரு ஹோட்டலில், வெள்ளைக்காரரைப் பலகையில் நிற்கவைத்து இழுத்துக்கொண்டு பறந்த வேகப் போட். சமாதானம் என்று எல்லோரும் கதைக்கத் தொடங்கி, நேவியும் கடலில் ஓடப் பாஸ் கொடுத்த நாட்களில் அத்தான் அதை வாங்கி, மூதூருக்கு ஆள் ஏற்றினார். பந்தயக் குதிரையை மாட்டு வண்டிலில் பூட்டியது போல அது பாதித் தூக்கத்திலேயே ஓடியது.

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இரண்டு லீவர்கள். ஒன்று வேகத்துக்கு, மற்றது கியருக்கு. கியரை முன்னே தள்ளினால் போட் முன்னே போகும். நடுவில் விட்டால் நிற்கும். பின்னே இழுத்தால் ரிவேஸ். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற ஏற்பாடு. அதில்தான் நான் குறை கண்டுபிடித்தேன்.

காரணம், போட்டின் பெட்டிக்குள் கிடந்த ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகை. அதில் ஒரு ரேஸ் போட்டின் படம். ஓட்டுபவனின் வலது கை வேக லீவரில். கியர் லீவரோ தள்ளி, இடப்பக்கத்தில்.

"அத்தான், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைக்கிறது ஆபத்து. வேகமாப் போகேக்க கை தவறிக் கியரில பட்டா போட் பிரளும்" என்றேன்.

"மூதூருக்கு நாங்கள் என்ன ரேஸா ஓடுறம்? கொஞ்சம் வேகமாப் போனாலே நேவிக்காரன் துவக்கைத் தூக்குறான்."

நான் விடவில்லை. பகல் முழுக்க விளக்கினேன். கடைசியில் அத்தான் "ம்ம்ம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (அது கொட்டாவி என்று பிற்பாடு சொன்னார்.)

கியர் லீவரைக் கழற்றி இடப்பக்கம் பூட்டினேன். கேபிள் கொஞ்சம் கட்டை. இழுத்து முறுக்கிப் பூட்டினேன். ஒரு வயர் மிஞ்சியது. எதற்கென்று தெரியவில்லை, வெட்டிவிட்டேன். பாஸ் இல்லாமல் கடலில் ஓட்டிப் பார்க்க ஏலாது. அதனால் கரையில் வைத்தே லீவரை ஆட்டினேன். டக், டக் என்றது. அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் அத்தானின் தம்பி சிவநேசனுக்கு மூதூரில் கலியாணம்.

அந்தக் கலியாணத்தில் ஒரு சிக்கல் ஏற்கெனவே இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பொம்பிளை வீட்டோடு போய் இருப்பதுதான் வழக்கம். ஆனால் அத்தானின் அம்மா, எங்களுக்கெல்லாம் மாமி, கடைசி மகனை விடமாட்டேன் என்று நின்றார். பொம்பிளையின் தகப்பனும் மகளை விடமாட்டேன் என்று நின்றார். ஒரு முடிவும் வராமலே நாள் வைத்துவிட்டார்கள். தாலி கட்டிய பிறகு பார்ப்போம் என்று இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

காலையில் போட் நிறைந்தது. தலைப்பாகையோடு சிவநேசன், கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டை மடியில் இறுக்கிப் பிடித்த மாமி, அத்தான், சொந்தக்காரர், மேளகாரர். அக்கா முந்திப் போன வேறொரு போட்டில் போய்விட்டாள். போகும்போது, பட்டுவேட்டிக்காரனுக்கு ஸ்பானர் எதற்கு என்று என் சாமான் பெட்டியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இடது கையால் ராஜா போலக் கியரை முன்னே தள்ளினேன். போட் பின்னே போய் இறங்குதுறையில் இடித்தது. மாமி பலகாரப் பெட்டிமேல் அமர்ந்தார்.

"என்னடா தம்பி செய்தனீ?" என்றார் அத்தான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வலப்பக்க லீவரைத் திருப்பி இடப்பக்கம் பூட்டினால், கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் மாறிவிடும். தள்ளினால் ரிவேஸ், இழுத்தால் முன்னே.

"ரேஸ் போட்டில இப்பிடித்தான் அத்தான்" என்று சொல்லி, லீவரை இழுத்தேன். போட் முன்னே போனது. சிவநேசன் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மேளம் முழங்க, கொட்டியாரக் குடாவில் பாதிக்கு மேல் கடந்துவிட்டோம். மூதூர்க் கரை தெரிந்தது. அப்போது நேவிப் படகு ஒன்று குறுக்கே வந்து, நிறுத்தச் சொல்லிக் கை காட்டியது.

பதற்றத்தில் கியரை நடுவில் விடுவதற்குப் பதிலாக முழுப் பலத்தோடும் முன்னே தள்ளிவிட்டேன். உள்ளே எங்கோ 'டொங்' என்றது. கட்டைக் கேபிள் இறுகி, கியர் ரிவேஸில் மாட்டிக்கொண்டது. நேவிக்காரன் நில்லு என்கிறான். எங்கள் போட்டோ அவனைப் பார்த்தபடியே பின்வாங்கிப் போகிறது. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கடலில் இல்லை.

துவக்குகள் நிமிர்ந்தன. மேளகாரரின் கை அந்தரத்தில் நின்றது. மாமி கூறைத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "கலியாணம்! கலியாணம்!" என்று கத்தினார். நான் எஞ்சினை நிறுத்தினேன். அதற்குள் போட் அரைவட்டம் அடித்து, மூக்கைத் திருகோணமலைப் பக்கம் திருப்பியிருந்தது.

படகை நெருக்கிக்கொண்டு வந்த நேவிப் பொடியன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். அரைகுறைத் தமிழில், "நீ வாறதா? போறதா?" என்றான்.

"போறம் சேர். மூதூருக்கு."

"மூஞ்சி திருகோணமலை பாக்குது. பிறகு எப்பிடி மூதூர்?"

"கியர் மாட்டிப்போச்சு சேர். பின்னுக்கு மட்டும்தான் போகும்."

அவன் பாஸை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். "பாஸ்ல முன்னுக்குப் போறது, பின்னுக்குப் போறது எண்டு ஒண்டும் இல்லை" என்றான். கட்டி இழுத்துவிடக் கேட்டோம். அதற்கு உத்தரவு இல்லையாம். பிறகு சிவநேசனின் தலைப்பாகையைப் பார்த்தான். பாவப்பட்டிருக்க வேண்டும். சரி சரி என்பதைச் சிங்களத்தில், "ஹரி ஹரி, போ" என்று சொல்லி வழியை விட்டான்.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைத் திறந்து கியரை எடுக்க என் ஸ்பானர்கள் வீட்டில். திரும்பிப் போவதானாலும் ரிவேஸ்தான். அப்படியானால் மூதூருக்கே போவோம் என்றார் அத்தான். கியரில் மாட்டிய எஞ்சினை ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்க ஒரு வயர் உண்டு. முதல் நாள் நான் வெட்டியது அந்த வயரைத்தான். அதனால் ஸ்டார்ட் ஆனது. (அன்று முழுக்க நான் செய்த ஒரே நல்ல காரியம், எதற்கென்று தெரியாமல் செய்தது.)

பின்பக்கமாக ஓடினால் எஞ்சின் பக்கத்தால் தண்ணீர் ஏறும். ஆகவே என்னைத் தவிர எல்லோரும் முன்பக்கத்தில் போய்க் குவிந்தார்கள். அப்படியும் தண்ணீர் வந்தது. அத்தான் வாளியால் அள்ளி ஊற்றினார். எல்லோருடைய முகமும் திருகோணமலையைப் பார்க்க, முதுகு மூதூரைப் பார்க்க, மெல்ல மெல்லப் போனோம்.

"மச்சான், நான் கலியாணத்துக்குத்தானே போறன்?" என்று கேட்டான் சிவநேசன்.

மூதூர்த் துறையில் பொம்பிளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு காத்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது என்ன? மாப்பிள்ளை போட் கரைக்குக் கிட்டவரை வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு திருகோணமலைக்குப் போகிறது. போட்டில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை; நாங்கள் ஊர்ந்து ஊர்ந்து கிட்ட வருவதும் அவர்களுக்குத் தெரியவில்லை. கரையில் ஒரே கூக்குரல். பொம்பிளையின் தகப்பன் வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"சம்மந்தி! போகாதேங்கோ! பிள்ளையள் உங்களோடயே இருக்கட்டும்! நான் இனி ஒண்டும் கதைக்கமாட்டன்! போட்டைத் திருப்புங்கோ!"

எனக்கு விளங்கவில்லை. மாமிக்கு உடனே விளங்கிவிட்டது. நனைந்த சேலையைச் சரிசெய்தார். தொப்பலாகிவிட்ட மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கழுத்தை மட்டும் கரைப்பக்கம் திருப்பினார்.

"சத்தியமாவோ?" என்றார்.

"என்ர பிள்ளையாணை!"

"சரி. நீங்கள் இவ்வளவு சொல்லேக்க நாங்கள் எப்பிடிப் போறது?" என்றவர், என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல், "நிப்பாட்டடா" என்றார்.

எஞ்சினை நிறுத்தினேன். போட் தானாகவே வழுக்கிக்கொண்டு போய், பின்பக்கத்தால் துறையைத் தொட்டது. தகப்பன் அழுதுகொண்டே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கினார். தாலி ஈரக் கையால், ஆனால் நேரத்துக்குக் கட்டப்பட்டது.

சிவநேசனும் மனைவியும் இன்றுவரை மாமி வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் இருக்கிறார்கள். அவளுக்கும் டவுனில் இருக்கத்தான் ஆசையாம். தகப்பனிடம் சொல்லப் பயந்திருந்தாளாம். நான் அன்று மாலையே மூதூரில் ஸ்பானர் இரவல் வாங்கி, கியரை வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு அத்தான் என் முன்னால் கொட்டாவி விடுவதையே நிறுத்திவிட்டார்.

பொம்பிளையின் தகப்பனுக்கு மட்டும் இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவார். கதிரையில் சாய்ந்துகொண்டு, "என்ன மனுசி! கரைக்கு வந்த போட்டையே நடுக்கடலுக்குத் திருப்பினவா. அந்த ஓர்மம் ஆருக்கு வரும்?" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுவார். மாமி அடக்கமாகத் தலையாட்டுவார். வீட்டிலுள்ள மற்ற எல்லோரும் தண்ணீர் குடிக்கவென்று அவசரமாகக் குசினிக்குள் ஓடுவார்கள். நான் மட்டும் ஓட ஏலாது. அந்தக் கதை தொடங்கியதும் மாமி என்னைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திவிடுவார். சிரிப்பு வருகிற இடத்தில் தொடையில் ஒரு கிள்ளு விழும்.