கொம்பியூட்டரின் சூடும் மாப்பிள்ளையின் பொறுமையும்

திருகோணமலை,
ஐப்பசி, 2006.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் கனகரத்தினம் அவர்களுக்கு,

கோணேசப் பெருமானை முன்னிட்டு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை அன்னலட்சுமியும் உங்கள் மருமகள் பூரணியும் இதை எழுதும் இந்த நிமிடம் வரை சுகம். கடிதம் ரொறன்ரோவுக்கு வந்து சேர்கிற நிமிடத்துக்கு நான் பொறுப்பெடுக்க ஏலாது. உங்கள் முழங்கால் நோவும் மச்சாளின் சீனி வருத்தமும் குறைந்திருக்குமென்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் நீங்கள் இருக்கிற இடத்தில் அது ஒன்றுதானே வருத்தம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூரணிக்கு நீங்கள் பார்த்த சம்பந்தத்துக்கு ஓமோ இல்லையோ என்று கேட்டு மூன்று கடிதம் போட்டுவிட்டீர்கள். பெடியன் வீட்டாரும் அங்கே உங்களைக் குடைகிறார்கள் என்று தெரிகிறது. நான் பதில் போடாமல் இருந்தது மரியாதைக் குறைவால் அல்ல. ஒரு தகப்பன் பெடியனை விசாரிக்காமல் ஓம் சொல்ல ஏலுமோ. எங்கள் காலத்தில் விசாரிப்பதென்றால் பெடியனின் ஊருக்கு பஸ் ஏறிப் போய், சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்து, பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு, கோயில் ஐயரிடம் திருநீறு வாங்கினால் பின்னேரத்துக்குள் பெடியனின் குணம் முழுக்கக் கைக்கு வந்துவிடும். உங்கள் தங்கையைக் கட்டித் தருவதற்கு முன் நீங்கள் என்னையும் அப்படித்தான் விசாரித்தீர்கள். நீங்கள் தண்ணீர் கேட்டது எங்கள் பெரியம்மா வீட்டில் என்பது உங்களுக்குத் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம். ஆனால் இந்தப் பெடியன் கோணேஸ்வரன் பிறந்த ஊர் ஈச்சிலம்பற்று. ஈச்சிலம்பற்றில் இன்றைக்குச் சந்தியும் இல்லை, கடையும் இல்லை. சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் சாமான் சட்டியோடு வாகரைப் பக்கம் போய், அங்கிருந்தும் எங்கே போனதென்று தெரியாது. தகப்பன் குலசிங்கத்தைத் தெரிந்தவர்கள் என்று கேள்விப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார், மற்றவர் இந்தியாவில் அகதி முகாமில். விசாரிக்க ஊரே இல்லாத மாப்பிள்ளையை நான் எப்படி விசாரிக்கிறது?

மச்சான், அங்கேதான் உங்கள் பழைய கொம்பியூட்டர் எனக்குக் கைகொடுத்தது. நீங்கள் அதனோடு ஒரு சீடியும் வைத்து அனுப்பியிருந்தீர்கள், மாப்பிள்ளை வேலை செய்கிற கம்பனி செய்தது என்று. பூரணி அதைப் போட்டுக் காட்டினாள். நல்ல சொப்ட்வெயார். கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் எவ்வளவு சூடு, உள்ளே காற்றாடி எவ்வளவு வேகம், கரண்ட் எவ்வளவு வருகிறது என்று டொக்டர் நாடி பிடித்துச் சொல்கிற மாதிரிச் சொல்லும். சூடு கூடினால் சத்தம் போடும். இன்னொரு பொத்தானை அமத்தினால் கொம்பியூட்டருக்குக் கடுமையான வேலைகளாகக் கொடுத்து வதைத்து, கடைசியில் புள்ளியும் போடும். அந்தக் கம்பனியில் இதை வாங்கினவர்களுக்கு வருகிற சந்தேகங்களையெல்லாம் தீர்த்துப் பதில் எழுதுகிற சப்போர்ட் பகுதி முழுக்க மாப்பிள்ளை ஒருத்தர்தான் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. ஒருவனின் குணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவனுக்குத் தொல்லை கொடுத்துப் பார்க்க வேண்டும். நான் ஒரு முறைப்பாட்டுக்காரனாக மாறினேன்.

பூரணிக்கு ஒன்றும் சொல்லவில்லை. கனடாப் பெடியன், கொம்பியூட்டர் வேலை என்பதுவரை அவளுக்குத் தெரியும். "விசாரிச்சுச் சொல்லுங்கோ அப்பா, பிறகு யோசிப்பம்" என்றாள். அந்தப் பெடியனைத்தான் நான் இப்படி விசாரிக்கிறேன் என்பது தெரியாது. வீட்டில் தொலைபேசி இல்லாததால் நான் முறைப்பாட்டைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தான் வேலை செய்கிற, இன்ரநெற் இருக்கிற கொமினிகேஷன் கடையில் அதை இங்கிலீசில் தட்டி அனுப்புவாள். பின்னேரம் பதிலைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவாள். எனக்கு இந்தச் சோதனைச்சாவடிகளைத் தாண்டி நகரத்துக்குப் போய் வர ஏலாது.

முதல் முறைப்பாட்டுக்கு நான் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஆவணி வெயிலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கொம்பியூட்டருக்குச் சூடு கூடி அது திடீரென்று ஊ ஊ என்று ஊளையிட்டது. ஸ்பீக்கர் நீங்கள் அனுப்பியது, பெரியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, குண்டு வருகிறதாக்கும் என்று உங்கள் தங்கை உலை வைத்த பானையோடு வளவுப் பங்கருக்குள் இறங்கிவிட்டாள். பக்கத்து வீட்டு உம்மு குல்சும் தன்னுடைய இரண்டு ஆடுகளையும் இழுத்துக்கொண்டு வேலியில் இருக்கிற பொட்டு ஓட்டைக்குள்ளால் வந்து அதே பங்கருக்குள் இறங்கினார். அவருடைய புருஷன் ஜமால்தீன் தலையில் தலையணையோடு வந்தார். அவர்களைப் பார்த்து ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீட்டுச் சனமும் இறங்கிவிட்டது. நானும் இறங்கினேன் மச்சான், மறைப்பானேன். பூரணி மட்டும் வீட்டுக்குள் நின்று ஒரு பொத்தானை அமத்தினாள், சத்தம் நின்றது. பிறகு சந்திக் காவலில் நிற்கிற இரண்டு ஆமிக்காரர் வந்துவிட்டார்கள். பூரணி சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். அதில் இளையவன் கொம்பியூட்டருக்குக் கிட்டப் போய் அந்தச் சூட்டு எண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு, தன்னுடைய அண்ணனின் கொம்பியூட்டருக்கும் இந்தச் சீடி சரிவருமோ என்று கேட்டுவிட்டுப் போனான். ஒழுங்கைச் சனம் என்னோடு கதைக்க இரண்டு நாளாயிற்று. உம்மு குல்சும் மட்டும் "பறவாயில்ல சேகரம் அண்ணன், பங்கர் எத்தினை பேர் கொள்ளும் எண்டு பாத்த மாதிரியும் போச்சு" என்றார்.

இதையெல்லாம் எழுதி, உங்கள் சொப்ட்வெயார் ஒரு யுத்தத்தையே தொடக்கப் பார்த்தது என்று சூடாகவே முடித்தேன். வந்த பதிலைக் கேட்க வேண்டும் நீங்கள். முதல் வரியே, ஒருவருக்கும் காயம் இல்லையென்று அறிந்து ஆறுதல் என்று இருந்தது. பிறகு சத்தத்தை நிற்பாட்டிவிட்டு வெளிச்சத்தில் மட்டும் எச்சரிக்கை காட்டுவது எப்படி என்று படிப்படியாக விளக்கம். கடைசியில், கொம்பியூட்டரை மேற்கு யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்து அலுமாரிக்கு அருகில் வையுங்கள், பின்னேர வெயில் படாது என்று ஒரு புத்திமதி. மச்சான், யன்னல் மேற்கே இருக்கிறது என்று நான் எழுதவேயில்லை. கனடாவில் இருந்துகொண்டு திருகோணமலையில் வெயில் எந்த யன்னலால் வருமென்று கணித்துச் சொல்கிறான் என்றால் அந்த மூளையை என்னவென்று சொல்லுவது.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. ஒரே கேள்வியைச் சொல்லை மாற்றி மூன்று தரம் கேட்டேன், பொறுமை எவ்வளவு என்று பார்க்க. மூன்று தரமும் பதில் வந்தது, மூன்றாம் பதில் முதலாவதை விடத் தெளிவாக. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் பதில் எழுதுவீர்களோ என்று கேட்டேன். குடிப்பழக்கம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். எந்த நேரமும் எழுதலாம், எழுதுகிறவர் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு எழுதினால் போதும் என்று பதில். கரண்ட் கூடிக் குறைவதைப் பற்றி ஒரு பக்கம் புலம்பியபோது, அது கொம்பியூட்டரின் பிழையல்ல, ஊரில் கரண்டே அப்படித்தான் வருகிறது, எண் குறைகிற நேரம் ஓவ் பண்ணிவிட்டு நீங்களும் கொஞ்சம் படுங்கள், பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள் என்று எழுதியிருந்தது. எனக்குப் பிரஷர் என்று எப்போதோ எழுதியிருப்பேன் போல. அதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறான் பாருங்கள். என் கூடப்பிறந்தவர்களுக்கே அது ஞாபகம் இல்லை.

புள்ளி விஷயம்தான் என் நெஞ்சைத் தொட்டது. அந்தப் பொத்தானை அமத்தினேன். கொம்பியூட்டர் வியர்த்து விறுவிறுத்து வேலை செய்து, சராசரிக்கும் கீழே ஒரு புள்ளி காட்டியது. எனக்கு வந்ததே கோபம். இது என் மைத்துனர் கனடாவிலிருந்து அனுப்பியது, எட்டுப் பொருத்தம் இருக்கிற சாதகத்தை ஒரு பொருத்தம் என்று சொல்கிற சாத்திரியைப் போல் உங்கள் சொப்ட்வெயார் பேசக்கூடாது, புள்ளியைக் கூட்டித் தரவும் என்று எழுதினேன். பதில் என்ன தெரியுமோ. "ஐயா, புள்ளி அனுப்பியவரின் தகுதிக்கு இல்லை. வயதான கொம்பியூட்டரைப் புதியவற்றோடு ஒப்பிடாதீர்கள். இன்றைய புள்ளியை எழுதி வைத்து அடுத்த மாதம் அதனோடேயே ஒப்பிடுங்கள். குறையாமல் இருந்தால் அது நன்றாக உழைக்கிறது என்று அர்த்தம்." இதைப் பூரணி வாசிக்க, இன்னொருதரம் வாசி என்றேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து என்னைப் பற்றி ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. இது கொம்பியூட்டரைப் பற்றித்தான் என்றாலும் எனக்கும் அதுவே போதும். பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஒருவனின் பேச்சு இது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இருந்தாலும் கடைசிச் சோதனை ஒன்று வைத்தேன். காரணமில்லாமல் திட்டி ஒரு முறைப்பாடு எழுதினேன். உமக்கு வேலை தெரியாது, பெரியவர்களை மதிக்கத் தெரியாது, உம்மை வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும் என்றுகூட எழுதினேன். அதைக் கொடுத்துவிட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பதில் வந்தது. என்னை வளர்த்தவர்கள் நல்லவர்கள் ஐயா, பொறுமையை அவர்களிடம்தான் படித்தேன், உங்களுக்கு ஏதோ மனக்கஷ்டம் இருக்கிறது போல, நாளைக்கும் எழுதுங்கள் என்று இருந்தது. வாசிக்கும்போது பூரணியின் குரல் கொஞ்சம் தடுமாறியது. அவளுக்கே மனம் இளகிவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஆகவே மச்சான், ஓம். முழு மனதோடு ஓம். இவ்வளவு பொறுமையும் பக்குவமும் உள்ள பிள்ளையை நான் இந்த ஊரில் காணவில்லை. என்னுடைய ஒரே பிள்ளை இந்தச் சத்தங்களை விட்டு ஒரு நல்ல மனிதனின் வீட்டில் போயிருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். பெடியன் வீட்டாருக்கு உடனே சொல்லிவிடுங்கள். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லோரும் நோய் நொடியின்றி, சூடு கூடாமல், நீடூழி வாழ அம்பாள் அருள் புரிவாளாக.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மைத்துனர்,
சோமசேகரம்.

பி.கு: மச்சான், மேலே உள்ளதை நம்பி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முதல் பூரணியைக் கூப்பிட்டு, சந்தோஷத்தில், சப்போர்ட் பகுதியில் இருக்கிறவர்தான் உனக்குப் பார்த்த மாப்பிள்ளை என்று சொன்னேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அப்பா, கடையில லைன் இல்லை. ஆவணியில அறுந்த லைன். போட்டோக்கொப்பியும் பாஸ்போட் படமும்தான் ஓடினது."

"அப்ப என்ர முறைப்பாடுகள்?"

"என்ர மேசை லாச்சிக்குள்ள பத்திரமாய் இருக்கு. ஒண்டும் போகேல்லை."

"பதில் வந்ததே பிள்ளை."

"நான்தான் எழுதினனான்."

ஏன் என்று கேட்டேன். சொன்னாள், "முறைப்பாடு எழுதிற நேரம் மட்டும்தான் அப்பா நீங்கள் கதிரையில இருந்தனீங்கள். மிச்ச நேரமெல்லாம் வாசல் படலையில நிண்டு, வெடிச் சத்தம் எந்தப் பக்கம் கேக்குது எண்டு காது குடுத்துக்கொண்டு நிண்டியள். லைன் இல்லை எண்டு சொன்னால் அதையும் விட்டிடுவியள் எண்டு பயமாய் இருந்தது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்ப நீங்கள் விசாரிச்சு ஓம் எண்டு எழுதினது என்னையோ?"

ஓம் மச்சான், அவளைத்தான். திட்டினதும் அவளைத்தான். வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும் என்று எழுதினேனே, அதற்கு வந்த பதிலை இப்போது மறுபடி வாசித்துப் பார்க்கிறேன், கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. உங்கள் தங்கை குசினி அடுப்படியிலிருந்து, "இது எனக்கு முதலே தெரியும்" என்கிறாள். இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாதது நான் என்ன நினைக்கிறேன் என்பது மட்டும்தான், அதுவும் தெரிந்திருக்கும்.

இன்றைக்குக் காலமை லைன் வந்துவிட்டதாம். தன்னுடைய சொந்தப் பெயரில் அந்தப் பெடியனுக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று பூரணி சொல்கிறாள். என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் அவர்களுக்கு ஓம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். அவள் போகத்தான் வேண்டும் என்று நான் நேற்றுவரை கெட்டியாக நின்றவன். இன்றைக்கும் அதேதான், போகத்தான் வேண்டும். கொஞ்சம் ஆறுதலாக, அவசரமில்லாமல் போகட்டும் மச்சான்.