கோமதிக்கு ஏழாம் மாதம்

2023 பிப்ரவரி 8, புதன்கிழமை. வழக்கம்போல் எழுந்தேன். பால் காய்ச்சினேன். மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்தேன். காவிரிக் கரை அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வந்து குளித்தேன். கணக்கு டீச்சரான என் மனைவி கோமதி, குழம்பு ஃப்ரிட்ஜில் இருப்பதாகச் சொல்லிவிட்டு பள்ளிக்கூடத்துக்குச் சத்திரம் பஸ் ஏறினாள். நாட்குறிப்பில் இதுவரைக்கும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அதற்குக் கீழே எழுதியதை இன்று என்னாலேயே படிக்க முடியவில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து ஊர்களில் இருக்கும் ஐந்து மென்பொருள் பொறியாளர்களை நான் வழிநடத்துகிறேன். முகம் பார்க்காத ஆட்களை விதிகளால்தான் கட்டி மேய்க்க முடியும் என்பது அன்றைய என் கொள்கை. எனவே விதிகள் போட்டேன். (விதிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருந்தது.)

அவற்றில் இரண்டுதான் என் மானத்தை வாங்கின.

முதல் விதி, சோதனைக்காக உள்ளிடும் விவரங்கள் உண்மையானவை போல இருக்க வேண்டும். நாகர்கோவிலில் இருக்கும் செல்வின் ஒருமுறை எங்கள் மருத்துவமனைச் செயலியில் 'அஅஅ' என்ற நோயாளியைச் சேர்த்து, வயது 999 என்று போட்டிருந்தான். அன்று அவனுக்கு நான் எழுதிய மின்னஞ்சலை அச்சிட்டால் ஒரு சிறு நூலாக வரும்.

இரண்டாவது விதி, மறுநாள் வாடிக்கையாளருக்கு டெமோ காட்டுவதென்றால் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் எதையும் மாற்றக்கூடாது. வாய்ச்சொல்லாக விடாமல் சர்வரிலேயே பூட்டுப் போட்டிருந்தேன். ஆறு மணிக்கு மேல் யார் மாற்றினாலும் அது ஏற்காது.

எங்கள் வாடிக்கையாளர், மகப்பேறு மருத்துவமனைகள் நடத்தும் ஒரு டாக்டர் அம்மா. கூட வர ஆளில்லாததால் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வராமல் விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. எங்கள் செயலி, கர்ப்பிணியின் பெயர், வயது, மாதம், பரிசோதனை நாள் எல்லாம் போட்டு உறவினர்களுக்கும் செய்தி அனுப்பும். கூட வர முடிந்தவர் '1' என்று பதில் போட வேண்டும். டாக்டருக்கோ இதில் நம்பிக்கையே இல்லை. "மெசேஜைப் பார்த்துட்டு யாருங்க எழுந்து வரப்போறாங்க?" என்று போன கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். அன்றைய டெமோவிலும் திருப்தி இல்லையென்றால் திட்டம் நிறுத்தப்படும், குழு கலைக்கப்படும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். செல்வினுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீட்டில் இந்த வேலையைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தான்.

சோதனை நோயாளியாக முன்பின் தெரியாத பெண்ணின் பெயரைப் போடுவது மரியாதையில்லை என்று கோமதியின் பெயரைப் போட்டிருந்தேன். வயது 49. ஏழாம் மாதம். மறுநாள் பரிசோதனை. உறவினர்கள் இடத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் என்று அவளுடைய போனில் இருந்த அத்தனை எண்களும். சோதனை நிலையில் செய்திகள் சர்வரை விட்டு வெளியே போகாது என்பதால் இதில் ஆபத்தே இல்லை. (அதாவது, சோதனை நிலையில் இருந்தால்.)

வீடியோ அழைப்பில் டெமோ தொடங்கியது. 'அனுப்பு' என்ற பொத்தானைக் கம்பீரமாக அழுத்தினேன். "இப்போது இந்தச் செய்தி உறவினர்களுக்குப் போனதாக வைத்துக்கொள்வோம்" என்றேன்.

அதன்பின் அடுத்த பக்கத்தின் வண்ணங்களை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் குறி தோன்றியது. 'உறவினர் உறுதி செய்தார்' என்றது அது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இதெல்லாம் முன்னாலேயே செய்து வைத்ததா என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. புரியாதபோது ஆமாம் என்று சொல்வது என் பழக்கம். ஆமாம் என்றேன்.

மேஜையில் என் போன் அதிர்ந்தது. சித்தப்பா. அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். தீபாவளிக்குத் தவிர போன் செய்யாதவர். துண்டித்தேன். கோயம்புத்தூர்க் கல்லூரியில் படிக்கும் மகனிடமிருந்து செய்தி வந்தது: 'அப்பா, நான் யாரு முகத்துல முழிக்கிறது?' கூடவே, குழுவின் அரட்டையில் செல்வின் எழுதியது: 'சார், மெசேஜ் நிஜமாவே வெளிய போகுது.'

முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், என் போனுக்குச் செய்தி வருகிறதா என்று பார்ப்பதற்காக நிஜ நிலைக்கு மாற்றியது நான்தான். ஆனால் காபி குடித்துவிட்டு வந்து பழையபடி மாற்றிவிட்டேனே என்று செல்வினுக்கு எழுதினேன். பதில் வந்தது:

'ஆறு மணிக்கு மேல மாத்தியிருக்கீங்க சார். நீங்க போட்ட பூட்டு உங்களையும் உள்ள விடலை.'

பூட்டு எனக்கு மறுப்பு மின்னஞ்சல்கூட அனுப்பியிருந்தது. அது நான் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்த 'பிறகு படிக்க' பெட்டியில் பத்திரமாக இருந்தது.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடும்போது கீழே ஆட்டோ நிற்கும் சத்தம். பிறகு படிக்கட்டில் வளையல் சத்தம். திருவானைக்காவலில் இருக்கும் என் அக்கா, ஒரு கையில் கண்ணாடி வளையல் டப்பாவும் மறுகையில் புளிசாதத் தூக்குமாக, கேமராவுக்கு நேரே வந்து நின்றாள்.

"ஏழு மாசம் வரைக்கும் என்கிட்ட மறைச்சிட்டியேடா தம்பி" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. "வளைகாப்பு போடற மாசமாச்சே, கோமதி எங்க? இந்த உடம்போட பஸ்ல அனுப்பிட்டியா?"

"அக்கா, அது டெஸ்ட்டுக்கா."

"டெஸ்ட் நாளைக்குத்தானேடா? நான்தான் கூட வரேன்னு ஒண்ணு போட்டுட்டேனே."

ஒலியை நிறுத்தக் கை நீட்டினேன். பதற்றத்தில் கேமரா அக்கா பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பியது. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருங்க, இருங்க. அம்மா, நீங்க மெசேஜ் பார்த்துட்டா வந்தீங்க?"

"பின்னே? பார்த்ததும் அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்பிட்டேங்க. நீங்கதான் டாக்டரா? அவளுக்கு அம்பது வயசாகப் போகுதும்மா, பத்திரமாப் பாத்துக்குங்க."

டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். கைக்குட்டையை எடுத்தார். ஐந்து ஊர்களில் ஐந்து பேரும் ஒலியை நிறுத்தியிருந்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. (கேமராவை அணைக்கக்கூடாது என்பதும் என் விதிதான்.) சிரித்து ஓய்ந்த பிறகு டாக்டர் சொன்னார்: "என் சந்தேகம் தீர்ந்துடுச்சுங்க. வராங்க. ஆனா மொத்தச் சொந்தத்துக்கும் அனுப்பாதீங்க, ஆஸ்பத்திரி தாங்காது. ஒருத்தர் ரெண்டு பேர் போதும்." கூடவே, நிஜ மனிதர்களின் எண்களைச் சோதனையில் போட்டதற்காக அக்கா முன்னிலையிலேயே என்னைக் கண்டித்தார். செல்வினின் கல்யாணம் தப்பித்தது.

நான் தப்பிக்கவில்லை. மாலைவரை எல்லோரையும் அழைத்து, என் மனைவி கர்ப்பமாக இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். சித்தப்பா நம்பவே மறுத்துவிட்டார். "கண்ணு படும்னு மறைக்கறீங்க, புரியுது. மாதுளம்பழம் வாங்கி வச்சிருக்கேன்" என்றார்.

கோமதி திரும்பி வந்தபோது அக்கா இன்னும் போகவில்லை. அவசர எண்களில் தலைமை ஆசிரியையின் எண்ணும் இருந்ததை அப்போதுதான் நினைவுகூர்ந்தேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். கோமதி நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள்.

"முட்டி வலிக்குது, கீழ்த்தளத்துல கிளாஸ் குடுங்கன்னு மூணு வருஷமாக் கேக்கறேன். இன்னைக்கு அவங்களே குடுத்துட்டாங்க. நான் இல்லைன்னும் சொல்லலை, ஆமான்னும் சொல்லலை."

எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அவள் திரும்பினாள்.

"அதெல்லாம் சரிங்க. வயசை எதுக்கு ஊரெல்லாம் அனுப்பினீங்க?"

அக்கா, கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போவதாவது என்று கோமதியின் கை நிறைய வளையலை அடுக்கிவிட்டு, புளிசாதத்தைப் பரிமாறினாள். இப்போதும் எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும், "தம்பி, குழந்தை பொறந்தாச்சா, இல்லை இன்னும் டெஸ்ட்லயே இருக்கா?" என்று பந்தியில் எல்லோரும் கேட்கும்படி விசாரிக்கிறாள்.

மறுநாள் காலை, பால் காய்ச்சுவதற்கும் தொட்டியைப் பார்ப்பதற்கும் முன்னால் மாடிக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். கோமதியின் பெயரையும் எல்லோருடைய எண்களையும் அழித்தேன். உறவினர் இடத்தில் என் எண்ணை மட்டும் எழுதினேன். நோயாளி இடத்தில் என் பெயர். வயது 52. ஏழாம் மாதம்.