கிறுக்கும் கிரீக்கும்

இலங்கையிலிருந்து லண்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்த தமிழர்களில், தாய்மொழி கிரேக்கம் என்று எழுத்தில் பதியப்பட்ட ஒரே ஆசாமி எங்கள் யவனர்தான். வேறு யாராவது இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. செவன் கிங்ஸில் ஒரு வீட்டில் ஐந்து ஆண்கள் குடியிருந்தோம். யவனர் என்பது நாங்கள் வைத்த பெயர். பழைய தமிழ்ப் பாட்டுகளில் கிரேக்கர்களை அப்படித்தான் சொல்வார்கள். லண்டன் வருமுன் அவர் ஊரில் சீமெந்துத் தொழிற்சாலை ஸ்டோர் கீப்பர். இங்கே குட்மேய்ஸில் ஒரு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். மனைவியும் ஏழு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். இவருடைய அகதிக் கேஸ் வென்றால்தான் அவர்கள் வரலாம். தோற்றால் என்ன என்று அவர் சொன்னதில்லை. கேட்கும் தைரியம் எங்களுக்கும் இருக்கவில்லை.

கேஸுக்காக ஒரு சொலிசிட்டரின் கந்தோருக்குப் போய், வாக்குமூலத்தை நாலு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவருடைய கையெழுத்து கோழி கிளறிய முற்றம்தான். தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்த டைப்பிஸ்ட் பெண், "இது கிரீக்!" என்று சிரித்திருக்கிறாள். விளங்காத எதையும் கிரேக்கம் என்று சொல்வது வெள்ளைக்காரர் வழக்கம். அது இவருக்குத் தெரியாது.

"என்ர எழுத்தைக் கிறுக்கு எண்டு சொல்லுறா எண்டு நினைச்சன் தம்பி. எத்தினை தமிழ்ச் சனம் அங்கை போகுது, ஒரு சொல்லுப் பிடிச்சிருப்பாதானே? உண்மையைச் சொன்னா கோவிக்கலாமோ? யெஸ், யெஸ், வெரி கிறீக் எண்டன்."

பகிடிக்குச் சொன்ன பெண், ஆள் இவ்வளவு உறுதியாக ஒப்புக்கொண்டதும், விண்ணப்பப் பாரத்தில் மொழி என்ற கட்டத்தில் அதையே டைப் அடித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து குடிவரவுத் திணைக்களத்திலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. கூடவே ஒரு வரி: கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சமுகமளிப்பார்.

இந்த இடத்தில் ஒரு மேதாவி குறுக்கிட்டார். யவனரைவிடப் பதினெட்டு மாதம் முந்தி லண்டனுக்கு வந்தவர் என்ற ஒரே தகுதியில், அந்த வீட்டின் சட்ட ஆலோசகராக விளங்கியவர். அதாவது நான்.

"அண்ணை, குடுத்த பாரத்திலை ஒரு சொல்லு மாத்தினாலும் கேஸ் அவுட். முதல் ஒண்டு சொன்னவன், இப்ப வேறை சொல்லுறான், பொய்க்காரன் எண்டு எழுதிப்போடுவாங்கள்."

"அப்ப என்ன செய்யிறது?"

"எனக்கெண்டாத் தெரியேல்லை."

அவர் சுவரில் ஒட்டியிருந்த மகளின் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, அப்ப கிரேக்கம் படிப்பம். பாண்டியன்ர வாசலிலை யவனர் காவல் நிண்டவங்கள் தெரியுமோ? எங்களிட்டை வேலை செய்தவங்கட பாஷை எங்களுக்கு வராதோ?"

நேர்முகத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

இல்ஃபோர்ட் நூலகத்தில் கிரேக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் கொடுத்தது பிள்ளைகளுக்கான படப்புத்தகம், ஆங்கிலத்தில், கிரேக்கக் கடவுள்களின் கதைகள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கரைத்துக் குடித்தார். மூன்றாம் வாரம் கிரேக்க மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் அந்தக் கடவுள்களின் குடும்ப விவகாரம் அத்தனையும் அத்துப்படி.

"சூஸ் எண்டிறவர் எங்கட இந்திரன்தான் தம்பி. ரெண்டு பேருக்கும் கையிலை இடி, ரெண்டு பேரும் பொம்பிளையள் விஷயத்திலை சரியில்லை. ஹேடிஸ், யமன். ஒரு வித்தியாசம், இவர் எருமை வச்சிருக்கேல்லை."

பெற்றோல் ஷெட்டில் பம்புகளுக்கும் பெயர் வைத்தார். டீசல் பம்ப் ஹேடிஸ், இரண்டாம் பம்ப் கடல் தெய்வம் பொசைடன். ஒருநாள் லொறிக்காரன் ஒருவன் இரண்டாம் பம்புக்குப் பணம் கட்ட வர, இவர் "பொசைடனோ?" என்று கேட்க, அவன் தன்னுடைய பெயர் அதுவல்ல என்று லைசென்ஸை எடுத்துக் காட்டினானாம்.

பாஷைக்கு என்ன வழி? தெருமுனையில் மீனும் சிப்ஸும் விற்றவர் சைப்ரஸ் கிரேக்கர். மீன் பொரிகிற நேரத்தில் பாடம். அங்கிருந்துதான் எங்கள் வீட்டுக்குள் பெருங்குழப்பம் நுழைந்தது. கிரேக்கத்தில் ஆம் என்பதற்கு 'நே'. இல்லை என்பதற்கு 'ஓஹி'.

"விளங்குதோ தம்பி? 'ஓ' எண்டு தொடங்கினா எங்களுக்கு ஓம், அவங்களுக்கு இல்லை! திரும்பிப் போகப் பயமோ எண்டு கேக்கேக்கை நான் ஓம் எண்டு வாயைத் திறந்தன் எண்டா, பயமில்லையாம் எண்டு எழுதிப்போடுவாங்கள்!"

அன்றிலிருந்து வீட்டில் ஓம் என்ற சொல்லுக்குத் தடை. பிறந்ததிலிருந்து மூச்சுக்கு மூச்சு ஓம் போட்ட ஐந்து வாய்கள் 'நே' பழகின. "குளிச்சாச்சோ?" "நே." "சோறு போடவோ?" "நே." அந்த நே கிரேக்க 'ஆம்'மா, ஆங்கில 'நோ'வா என்று சமைத்தவனுக்குத் தெரியாமல் ஒருவன் இரண்டு நாள் பட்டினி கிடந்தான். தொலைபேசியில் மனைவி "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டதற்கும் யவனர் "நே" என்றார். மறுமுனையில் அதை 'நோ' என்று எடுத்துக்கொண்ட அந்த அம்மாள் அழத் தொடங்கிவிட்டார்.

நேர்முக நாள் வந்தது. துணைக்குப் போன என்னை, வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு மூலைக் கதிரையில் இருத்தினார்கள். அதிகாரி ஒருவர். பக்கத்தில் கறுப்புக் கார்டிகன் போட்ட கிரேக்க அம்மையார்.

"கலிமேரா" என்றார் யவனர். காலை வணக்கம். அம்மையார் முகம் மலர்ந்து, பதிலுக்கு ஒரு முழு நிமிடம் கிரேக்கம் பொழிந்தார். யவனர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அதிகாரி ஏதோ கேட்க, அம்மையார் அதைக் கிரேக்கமாக்கினார். யவனருக்கு வியர்த்தது. பழக்கதோஷத்தில் "ஓ..." என்று தொடங்கி, பாதியில் ஞாபகம் வந்து 'ம்'மை விழுங்கினார். வெளியே வந்தது 'ஓஹ்'. அதிகாரி குனிந்து எழுதினார்.

"நே! நே! நே!" என்று கத்தினார் யவனர். அம்மையார் விழித்தார். இன்னொரு கேள்வி. யவனரிடம் சொல் தீர்ந்துபோயிற்று. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படப்புத்தகத்தில் மிச்சமிருந்ததைச் சொன்னார்.

"டிமீட்டர். பெர்செஃபோனி."

மகளைப் பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போக, உலகமெல்லாம் தேடித் திரிந்த தாயின் பெயரும் அந்த மகளின் பெயரும். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து, "மை டோட்டர். கொழும்பு. மை டோட்டர்" என்றார்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "இவருக்குக் கிரேக்கம் தெரியாது" என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனால் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்குகிறது. பிள்ளையைக் கேட்கிறார்."

விஷயம் வெளியே வந்தது. அதிகாரி பாரத்தை எடுத்தார், கிரேக்கம் என்பதை ஒரு கோட்டால் வெட்டினார், தமிழ் என்று எழுதிக் கீழே கையெழுத்து வைத்தார். அரை நிமிட வேலை. தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு புதுத் தேதி கொடுத்தார்கள். கேஸ் அவுட் ஆகவில்லை. வீடு வரும்வரை என் சட்ட ஞானத்தைப் பற்றி யவனர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் கேஸ் வென்று, மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். சட்ட ஆலோசனை சொன்ன பாவத்துக்குப் பரிகாரமாக, குட்மேய்ஸ் தமிழ்க் கடையில் மாதுளம்பழம் வாங்கி, உடைத்து, தட்டில் போட்டுப் பிள்ளையின் முன்னால் வைத்தேன். பிள்ளை கையை நீட்டியது. யவனர் பாய்ந்து வந்து தட்டைப் பறித்தார்.

"தொடாதை பிள்ளை! பாதாளத்திலை மாதுளம் விதை திண்டதாலைதான் பெர்செஃபோனி திரும்பிப் போக வேண்டி வந்தது!"

மனைவி கணவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். லண்டன் குளிரில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"அண்ணை, கதையை வடிவா யோசியுங்கோ. அவள் திண்டது பாதாளத்திலை, அதாலை பாதாளத்துக்குத் திரும்பினவள். இஞ்சை திண்டா, எங்கை போனாலும் இஞ்சைதானே திரும்பி வரவேணும்?" என்றேன்.

யவனர் மெதுவாகத் தட்டைப் பிள்ளையின் மடியில் வைத்தார்.

"முழுக்கச் சாப்பிடு குஞ்சு. ஒரு விதையும் மிச்சம் விடாதை."

தொண்ணூறுகளில் எனக்குக் கலியாணமாகி, லூயிஷாமுக்கு வீடு மாறினேன். சாமான்கள் ஏற்றிய வான் புறப்படும் நேரம் யவனர் ஷிப்ட் உடுப்போடு ஓடிவந்தார். கையில் ஒரு பை.

"லூயிஷாம் ஆத்துக்கு அந்தப் பக்கமாம். தூரம்." பையிலிருந்து ஒரு மாதுளம்பழத்தை எடுத்து உடைத்தார். "இஞ்சை நிண்டு சாப்பிட்டிட்டுப் போம்."

செவன் கிங்ஸ் தெருவில், வான்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க, நின்று தின்றேன். ஒரு விதையும் மிச்சம் விடவில்லை.